தேத்தண்ணி வடியோடு வந்த நானாவுக்கு

அக்கரைப்பற்றுப் பக்கம் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து பகிருங்கள், அந்த நானாவின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

சவூதியில் அல்உலாவுக்கு வழிகாட்டியோடு ஒரு குழுவாகப் படம் எடுக்கப் போயிருந்தோம். தென் அரேபியாவின் சாம்பிராணி ஒட்டகங்களில், இன்றைய ஜோர்தானில் உள்ள பெட்ரா நோக்கிப் போன பழைய பாதை அது. அங்குள்ள ஹெக்ரா என்ற பழைய நகரில், நபாத்தியர் என்ற பண்டைய அரபு மக்கள் பாறையில் குடைந்த பெரிய கல்லறைகள் மட்டும் 111, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அதில் கஸ்ர் அல்ஃபரீத் என்ற கல்லறை தனிப்பாறையில் நிற்கிறது, மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்து அடிப்பகுதியை முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். சாய்வெயிலில் அதை எடுத்துவிட்டு மெமரி கார்டை மாற்றும்போது ஒரு காற்று, கார்டு மணலில் போய்விட்டது. மூன்று நாள் படம்.

எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. அப்போதுதான் பஸ் ஓட்டி வந்த நீங்கள் இறங்கி வந்தீர்கள் நானா. "தங்கச்சி மட்டக்களப்பா? பேச்சில விளங்கிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டியில் கிடந்த தேத்தண்ணி வடியை எடுத்து வந்து, நான் நின்ற இடத்து மணலைப் பிடிபிடியாக அள்ளி ஃபோன் வெளிச்சத்தில் முக்கால் மணித்தியாலம் சலித்தீர்கள். கார்டை ஊதி, சட்டை நுனியில் துடைத்துத் தந்தபோது உங்கள் நகக்கண் எல்லாம் மணல். காசு நீட்டினேன், "ஊர்ப் பிள்ளையிட்ட வாங்கலாமா?" என்றீர்கள்.

அந்தப் படம் இப்போது கல்லடியில் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. லீவில் வந்தால் வீட்டுக்கு வாங்க நானா, அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறா.