கேஸ் வண்டிக்கு நீங்கள் விற்ற வால்வு எண்ணெய் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி

பொருள்: வால்வு பாதுகாப்பு எண்ணெயும் சொட்டுக் குப்பியும் சொன்னபடி வேலை செய்யாதது, கொடுத்த ₹7,950ஐத் திருப்பிக் கேட்பது

ஐயா,

வணக்கம். நான் சேலத்துக்காரன். பேக்கரி சரக்கு ஏற்றிப் போகும் ஆம்னி வேன் ஒன்று வைத்திருக்கிறேன், பெட்ரோல் வண்டியாக வாங்கி கேஸுக்கு மாற்றி ஆர்.சி.யிலும் ஏற்றிய வண்டி, வாரத்தில் நான்கு நாள் ஏற்காடு போய் வரும். கேஸ் கிட் போட்ட அன்றே உங்கள் ஆள் கடைக்கு வந்து, "கேஸ் வறண்ட எரிபொருள், இந்த எண்ணெய் சொட்டவில்லை என்றால் வால்வு சீட் ஒரே வருடத்தில் போய்விடும்" என்றார். வால்வு சீட் என்றால் இன்ஜினில் வால்வு வந்து உட்கார்ந்து மூடும் இடம். ₹3,400க்குக் குப்பியும் குழாயும் கொடுத்து அவரே மாட்டியும் விட்டார். எண்ணெய் அரை லிட்டர் பாட்டில் ₹650. இதுவரை ஆம்னிக்கு ஐந்து பாட்டில் வாங்கியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது.

குப்பி மாட்டி 18,000 கிலோமீட்டரில் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல் பாகத்தை, கழற்ற வேண்டியதாகிவிட்டது. மூன்றாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறும் வால்வின் சீட் உள்ளே இறங்கிவிட்டது.

இது திடீரென்று நடந்ததில்லை. குப்பி மாட்டிய அன்று மெக்கானிக் எல்லா டேப்பட்டையும், அதாவது வால்வுக்கு மேலே விடும் சிறு இடைவெளியை, 0.15 மி.மீ.க்கு வைத்தார். 10,000 கிலோமீட்டரில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் மிஸ்ஸிங் வருகிறதே என்று திறந்து பார்த்தால் மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் இடைவெளி அளக்கும் 0.15 பட்டை நுழையவே இல்லை, 0.10 பட்டையே பிடித்துப் பிடித்துத்தான் போனது. அவர் அதை என் கையில் கொடுத்து, "நீங்களே இழுத்துப் பாருங்கண்ணா" என்றார். இழுத்தேன், கவ்விக்கொண்டு வந்தது. சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும், கடைசியில் வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் ஒழுகி வால்வே கருகிவிடும் என்று அவர்தான் விளக்கினார். சரி செய்து ஓட்டினோம். 14,000த்தில் மறுபடியும் அதே சிலிண்டர். மற்ற இரண்டிலும் பெரிதாக எதுவும் மாறவில்லை.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரே எண்ணெய், ஒரே கேஸ், ஒரே வண்டி, ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் போக வேண்டும்? உங்கள் ஆள் குழாயை மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றும் கேஸும் போகும் குழாய்) முதல் சிலிண்டர் பக்கமாகத்தான் சொருகியிருக்கிறார். அங்கே விழும் சொட்டு மூன்றாவது சிலிண்டர் வரை எவ்வளவு போய்ச் சேரும் என்று யாராவது பார்த்தீர்களா?

இதைவிட முக்கியமானது இன்னொன்று. குப்பி முன் சீட்டுக்கு இடப்பக்கம், சொட்டு விழும் கண்ணாடி உட்கார்ந்தபடியே தெரியும். ஒரு நாள் என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு கிளம்பினேன், அவன் வேலையே சொட்டு எண்ணுவதுதான். அஸ்தம்பட்டி சிக்னலில் வண்டி சும்மா ஓடிக்கொண்டு நின்றபோது நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு. அடிவாரம் தாண்டி, முழு லோடோடு இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியபடி ஏறும்போது, "மாமா, ஒண்ணுகூட விழலை" என்றான். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவன் எண்ணினான். வளைவில் காலை எடுக்கும்போது ஒன்றிரண்டு விழும், அழுத்தியதும் நின்றுவிடும்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. உங்கள் கிட் மேனிஃபோல்டின் உறிஞ்சலை நம்பி இருக்கிறது. ஸ்லோவில் நிற்கும்போது த்ராட்டில் (ஆக்சிலேட்டரை அழுத்தினால் திறக்கும் காற்றுக் கதவு) மூடியிருப்பதால் உறிஞ்சல் அதிகம், எண்ணெய் தாராளமாக இறங்குகிறது. முழுதாகத் திறந்து ஏறும்போது உறிஞ்சல் விழுந்துவிடுகிறது, எண்ணெயும் நின்றுவிடுகிறது. வால்வு சீட் சூடேறி அடிவாங்குவதோ ஏறும்போதுதான். தேவையில்லாத இடத்தில் ஊற்றிவிட்டுத் தேவைப்படும் இடத்தில் கைவிடும் பொருளுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒரு லிட்டர் கேஸுக்கு ஒரு மில்லி என்று உங்கள் தாளில் இருக்கிறது. நான் எரித்தது சுமார் 1,500 லிட்டர் கேஸ், மூன்று பாட்டில் போதும். ஐந்து பாட்டில் காலி. மொத்தத்தில் எண்ணெய் குறைவாக ஊற்றியதால் சீட் போனது என்று இனிமேல் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் போன் ஆள் அதைத்தான் சொன்னார். "எப்போதாவது குப்பி காலியாக விட்டிருப்பீர்கள்" என்று. ஒரு நாளும் விட்டதில்லை. பில் தேதிகளைப் பாருங்கள்.

அப்புறம் அம்பாசடர் விஷயம். வீட்டில் அப்பாவின் 1984 அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல் வண்டி இருக்கிறது. அதன் ஹெட் வார்ப்பிரும்பு, சீட்டையும் அந்த இரும்பிலேயே கடைந்திருப்பார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் எரிந்த ஈயம் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சுடச்சுட வந்து உட்காரும் வால்வு சீட்டோடு ஒட்டிப் பிய்யாமல் காத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். அந்த மாதிரி ஹெட்டை வேகமாக, லோடோடு ஓட்டினால் உங்கள் எண்ணெய் போன்ற ஒன்றுக்கு வேலை இருக்கிறது, அதை நான் மறுக்கவே இல்லை. பொட்டாசியமோ சோடியமோ மாங்கனீஸோ பாஸ்பரஸோ சரியான அளவில் போய்ச் சேர்ந்தால் ஈயம் செய்த வேலையை ஓரளவு செய்யும்.

ஆனால் அப்பா பல வருடம் முன்பே லேத் பட்டறையில் கொடுத்து அந்த ஹெட்டுக்குக் கெட்டியான சீட் போட்டுவிட்டார், அதற்கு இந்த எண்ணெய் தேவையில்லை. இதை உங்கள் ஆளிடம் தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். "எந்த வண்டியாக இருந்தாலும் போடணும் சார்" என்று இரண்டு பாட்டிலைத் தலையில் கட்டினார். உங்கள் தாளிலும், ஈயமில்லாத பெட்ரோல் இன்று ஓடும் எல்லா இன்ஜினையும் தேய்க்கிறது என்று அச்சடித்திருக்கிறீர்கள். அது பொய். இன்று ஷோரூமில் இருந்து வரும் பெட்ரோல் கார் ஈயமில்லாத பெட்ரோலுக்கென்றே செய்தது. அதை வைத்திருக்கும் ஆளைப் பயமுறுத்தி ₹650 வாங்குவது என்ன நியாயம்?

பிரிட்டனில் 1999 முடிவில் ஈயப் பெட்ரோலை நிறுத்தியபோது, பழைய வண்டிக்காரர்களின் கூட்டமைப்பு இப்படிப்பட்ட எண்ணெய்களை மைரா என்ற வாகனச் சோதனைக்கூடத்தில் இன்ஜினில் ஊற்றி ஓட்டச் செய்து, தேறியவற்றுக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்தது. அப்படி ஒரு இன்ஜின் சோதனை உங்கள் எண்ணெய்க்கு நடந்திருந்தால் அந்த அறிக்கையை எனக்கு அனுப்புங்கள். பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்றுகூட நீங்கள் எழுதவில்லை. "சிறப்புக் கலவை" என்றால் நான் என்ன புரிந்துகொள்வது?

கிட் ₹3,400, ஏழு பாட்டில் ₹4,550, ஆக ₹7,950 எனக்குத் திரும்ப வர வேண்டும். ஹெட் வேலைக்கு ஆன ₹8,200ஐ உங்களிடம் கேட்கவில்லை. கேஸில் மலை ஏற்றிய வண்டி, உங்கள் எண்ணெய் இல்லாமலும் அந்தச் செலவு வந்திருக்கலாம். இப்போது மூன்று சிலிண்டருக்கும் கேஸுக்கு ஏற்ற கெட்டி சீட் போட்டு, காற்றோடு கலக்கும் கேஸ் குறைந்து மிக்ஸ்சர் மெலிந்து ஓடாமல் ட்யூனிங்கும் பார்த்து, உங்கள் குப்பியைக் கழற்றி வைத்துவிட்டேன். அதை முதல் நாளே உங்கள் ஆள் சொல்லியிருந்தால் நான் எண்ணெய்க்குக் கொடுத்த காசு அந்த வேலைக்கே போயிருக்கும்.

எல்லா வண்டிக்கும் தேவை என்ற வரியைத் தாளிலிருந்து எடுங்கள். எந்த மாதிரி ஹெட்டுக்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்று தமிழில் அச்சடியுங்கள். ஏற்றத்தில் சொட்டு நிற்கிறது என்பதை கிட் வாங்க வரும் ஆட்டோக்காரர்களுக்கும் வேன்காரர்களுக்கும் வாங்கும் முன்பே சொல்லுங்கள். தினம் ஓடினால்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

15 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில் நகல்கள், டேப்பட் அளவு எழுதிய நோட்டின் பக்கங்கள், இறங்கிய சீட்டின் போட்டோ மூன்று, சொட்டு நின்றதை அக்கா மகன் எடுத்த வீடியோ எல்லாம் இதோடு இணைத்திருக்கிறேன். கழற்றிய வால்வையும் பழைய சீட்டையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், உங்கள் இன்ஜினியர் எப்போது வந்தாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்