பிறந்த கன்றுகளுக்கு உரிய நேரத்தில் சீம்பால் கிடைக்க வழிசெய்யக் கோரும் மனு

பெறுநர்:
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை, மதுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் செல்லம்பட்டி ஒன்றியத்தில் மூன்று கறவை மாடுகளை வைத்து, சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிழைப்பவள். கடந்த கார்த்திகையில் என் கலப்பினப் பசு இரவு ஏழு மணியளவில் கிடாரிக் கன்று ஈன்றது. இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழும் முன் கன்றை ஊட்டவிடக் கூடாது என்று எங்கள் பக்கம் காலங்காலமாகச் சொல்லிவரும் பேச்சை நம்பி, நானும் கன்றைத் தள்ளிக் கட்டிவிட்டேன். கொடி விழுந்து, அதை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டிவிட்டுத் திரும்பும்போது விடிந்துவிட்டது. நான்காம் நாள் வெள்ளைக் கழிச்சல் கண்டு, வாலும் பின்னங்கால்களும் ஒட்டிக் கிடந்த அந்தக் கன்று ஆறாம் நாள் இறந்தது. பிழை என்னுடையதே, ஆனால் அது பிழை என்பதை மருத்துவர் வந்து சொன்ன பிறகே அறிந்தேன்.

மனிதக் குழந்தைக்குப் போலன்றி, கன்றுக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே வந்து சேர்வதில்லை. சீம்பால் வழியாகவே வருகிறது. அதை உள்வாங்கும் குடலின் திறனும் ஆறு மணி நேரத்துக்குப் பின் வெகுவாகக் குறைந்து, ஒரு நாளில் நின்றுவிடுகிறது. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு அந்த ஆறு மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டராவது சேர வேண்டும். கன்று ஊட்டுவதால் கருப்பை சுருங்கிக் கொடி விழவே உதவும் என்பது, நாங்கள் அஞ்சியதற்கு நேர்மாறான உண்மை.

1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தியும் தடுப்பூசி முகாம்களும் எங்களுக்குப் பேருதவி. எனினும், நள்ளிரவில் ஈனும் மாட்டின் கன்றுக்கு அந்த ஆறு மணி நேரம் மருத்துவர் வருமுன்னே கழிந்துவிடுகிறது. ஆகவே, எங்கள் பால் சங்கக் கட்டடத்தில் ஓர் உறைபெட்டி வைத்து, நோயற்ற மாடுகளின் உபரிச் சீம்பாலைச் சேமிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். தாய் இறந்த கன்றுக்கும், மடிநோய் கண்ட மாட்டின் கன்றுக்கும் அது உயிர் காக்கும். இப்போது மிஞ்சும் சீம்பால் கருப்பட்டி சேர்த்துக் கிண்டி அக்கம்பக்கத்தில் பகிரப்படுகிறது. அதை நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு பாட்டில் பெட்டிக்கு வந்தால் போதும். உறைந்த சீம்பாலைக் கொதிக்கவைத்தால் அதன் சக்தி அழிந்துவிடும், வெதுவெதுப்பான நீரில் வைத்தே இளக்க வேண்டும் என்பதையும் யாரேனும் செய்துகாட்ட வேண்டும்.

அதற்குக் காலை ஆறு மணிக்கு, எல்லோரும் பால் ஊற்ற வரும் வேளையில், கால்நடை ஆய்வாளர் ஒருநாள் வந்தால் நல்லது. பத்து மணி முகாமுக்கு எங்களில் பாதிப்பேர் வர இயலாது. மேலும், சினை ஊசி போட்ட தேதி தங்கள் பதிவேட்டில் உள்ளதால், 280 நாள் நெருங்கும் மாட்டுக்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பும், தொப்புள்கொடியில் தடவ ஒரு சிறு புட்டி டிங்சர் அயோடினும் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கறவை மாடு வளர்ப்போர் ஒருவர்,
செல்லம்பட்டி ஒன்றியம், மதுரை மாவட்டம்.