அது லைட் ஷோ இல்ல சார், கல்லறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழ்ல அயர்லாந்து நியூகிரேஞ்ச் பத்தின பயணக் கட்டுரையில "வேட்டையாடித் திரிஞ்சவங்க சூரியனைக் கும்பிடக் கட்டின குகை"ன்னு ஒரு வரி, அதைப் படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. குகையும் இல்ல, வேட்டைக்காரங்களும் இல்ல. கிமு 3200 வாக்குல கோதுமை விதைச்சு மாடு வளத்த விவசாயிங்க தங்களோட வீட்டுச் சாவுக்குக் கட்டின கல்லறை, கிசா பிரமிடுக்கும் முந்தினது. உங்களுக்குத் தெரியாததா சார், எப்படி விட்டீங்க?

நான் டப்ளின்ல வேலை பாக்கிறவ, ஊர்லேர்ந்து யார் வந்தாலும் அங்கதான் கூட்டிட்டுப் போவேன். 19 மீட்டர் நடைவழி, சில இடத்துல உடம்பை ஒடுக்கிக்கிட்டுதான் நுழையணும், உள்ள மூணு பக்கமும் மாடம், அதுல தாம்பாளம் மாதிரி குழிவா செதுக்கின பெரிய கல்லு. 1960கள்ல தொல்லியல் ஆய்வாளர் ஓ'கெல்லி தோண்டினப்போ எரிச்ச எலும்பும் எரிக்காத எலும்புமா அந்த அறையிலதான் கிடைச்சது. டிசம்பர் 21 ஒட்டி வெயில் உள்ள வர்றதை அரைப்பக்கம் எழுதினவர் எலும்பைப் பத்தி மூச்சு விடல. வாசலை மூடறதுக்குன்னே ஒரு பெரிய கல்லு இருக்கு சார், வெயில் போறது அதுக்கு மேல இருக்கிற சின்னத் திறப்பு வழியா. அந்த 17 நிமிஷ வெளிச்சம் செத்தவங்களுக்குன்னுதான் நான் நம்பறேன்.

இது முதல் தடவையும் இல்ல. இங்கிலாந்துல இருக்கிற ஸ்டோன்ஹெஞ்ச் கல் வட்டத்தை ட்ரூயிட் பூசாரிங்க கட்டினாங்கன்னு போட்டீங்க, அவங்க வந்ததே ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு, எழுதிப் போட்டேன், பதிலே இல்ல. இங்கிலாந்துல ஹேசில்டன் நார்த்ங்கிற கற்காலக் கல்லறையில கிடைச்ச எலும்புகளோட டிஎன்ஏ ஆய்வு 2021 டிசம்பர்ல வந்துச்சே, அதுக்கு "நாலு பொண்டாட்டிக்காரன் கல்லறை"ன்னு தலைப்பு! 35 பேர்ல 27 பேர் ஒரே குடும்பம், அஞ்சு தலைமுறை, அந்த நாலு அம்மாக்கள்ல ரெண்டு பேரோட வம்சம் ஒரு அறையில, மத்த ரெண்டு பேரோடது இன்னொண்ணுல, வேற ஆளுக்குப் பிறந்த பிள்ளைங்களையும் தள்ளி வைக்காம சேத்துப் புதைச்சிருக்காங்க. இதெல்லாம் விட்டுட்டு கிண்டலா பண்ணுவீங்க? சந்தா கட்டியும் இதழ் லேட்டா வருது, அதைக்கூட நான் பெருசு பண்ணினதில்ல.

அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போடுங்க. கூடவே நியூகிரேஞ்ச் கட்டுரையில போட்ட படம் நியூகிரேஞ்ச் இல்ல, பக்கத்துல இருக்கிற நௌத் கல்லறை, சுத்தி சின்னச் சின்ன மேடு தெரியுது பாருங்க, அதையும் மாத்திடுங்க.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி, டப்ளின்