கருத்த கல்லும் வெளுத்த கல்லும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் அப்பா பாதியில் விட்டுப்போன தோடி ராக வர்ணத்தை நீ முடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பிய அன்றுதான் உன் கடிதம் வந்தது. போன இடமெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

டிரெஸ்டன் நகரில் ஃபிராவன்கிர்ஷே தேவாலயத்தின் முன் வெகுநேரம் நின்றேன். 1743இல் கட்டி முடித்த கட்டடம். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் தீப்பிடித்து, 15ஆம் தேதி காலை இடிந்து விழுந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் கற்குவியலாகவே கிடந்தது. 1994இல் மறுபடி கட்டத் தொடங்கி 2005இல் முடித்தார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்த கற்களில் பலவற்றை, முன்பு எங்கே இருந்தன என்று ஆராய்ந்து அங்கேயே வைத்திருக்கிறார்கள். பழைய கல் கருப்பு, புதுக்கல் வெளிர்மஞ்சள். எது மிஞ்சியது, எது போனது என்று சுவரே சொல்லிவிடுகிறது. பழைய கட்டடங்களைச் சீர்செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிரவு மகள் மொஸார்ட்டின் ரெக்வியத்தை, இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையை, ஒலிக்கவிட்டாள். 1791 டிசம்பரில் அவர் இறந்தபோது அது பாதிகூட முடியவில்லை. லாக்ரிமோசா பகுதி தொடங்கிச் சற்று நேரத்திலேயே நின்றுவிட்டது. மீதியை முடித்தவர் அவருடன் பழகிய சுஸ்மயர். மனைவி கான்ஸ்டான்ஸுக்குப் பணம் வேண்டியிருந்தது. அதை எழுதித்தரச் சொல்லியிருந்தவரிடம், முழுவதும் மொஸார்ட்டே எழுதியதுபோல் ஒப்படைத்தார்கள். முதல் பக்கத்தில் மொஸார்ட்டின் பெயரில் போலிக் கையெழுத்து இருக்கிறது, 1792 என்ற ஆண்டோடு! சுஸ்மயர் முடித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் இல்லாவிட்டால் நமக்கு அந்த இசை வந்தே சேர்ந்திருக்காது. அந்தக் கையெழுத்தைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது.

இன்னோர் இசையமைப்பாளரான ஷூபர்ட் 1828இல் இறக்குமுன் ஒரு சிம்பொனிக்குக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பேரியோ 1989-90இல் அவற்றைக் கையில் எடுத்தார். ஷூபர்ட் எழுதியதற்கு வாத்திய அமைப்பு செய்தார்; எழுதாமல் விட்ட இடங்களை ஷூபர்ட்டைப்போல் நடித்து நிரப்பவில்லை. அங்கெல்லாம் செலஸ்டா என்ற கட்டை வாத்தியத்தின் மெல்லிய மணியொலியோடு, கனவுபோல் மங்கலான வேறோர் இசை வருகிறது. சிதைந்த இடத்தை மறைக்காமல் சுவரோவியங்களைச் சீர்செய்யும் முறைதான் அவருக்கு முன்மாதிரி. அதைக் கேட்டபோது டிரெஸ்டனின் வெளுத்த கற்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஆனால் ஒன்றில் உன் வேலை என் வேலையைவிட எளிது. நான் ஒரு பழைய சுவரில் கைவைத்தால் அது திரும்ப வராது. ரெக்வியத்தையோ சுஸ்மயருக்குப் பிறகும் பலர் பலவிதமாக முடித்துப் பார்த்துவிட்டார்கள். மொஸார்ட் எழுதிய தாள் இன்னும் இருக்கிறது. கல் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: அந்தப் புது மணற்கல்லும் காலப்போக்கில் கருத்துவிடும். அப்போது எது எது என்று ஆவணம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே முடி. தயங்காதே. அப்பா முத்தாயி சுவரம்வரை, அதாவது வர்ணத்தின் முதல் பாதி முடியும் இடம்வரை, எழுதியிருப்பதாகச் சொன்னாய். சரணத்திலிருந்து நீ எழுது, வேறு நிற மையில், உன் பெயரைப் போட்டு. அவர் நோட்டில் எழுதாதே, தனித்தாளில் எழுது. அவர் அடித்துத் திருத்திய வரிகளையும் விடாமல் அந்தப் பக்கங்களை முதலில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவை. அடுத்த மாதம் வருகிறேன், பாடிக் காட்டு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்