லாரியின் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள இடைவெளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் பதிப்பின் உள்பக்கங்களில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்கூட்டரில் சென்றவர் நிலைதடுமாறி விழுந்தார். கூடவே சென்ற லாரியின் பின்சக்கரம் அவர் மேல் ஏறியது. ஓட்டுநர் கைது செய்யப்பட்டார். எண்ணூர், மணலி, மாதவரம், பூந்தமல்லி, பல்லாவரம் என்று இடம்தான் மாறுகிறது. ஏன் விழுந்தார், விழுந்தவர் எப்படிச் சக்கரம் வரைக்கும் போனார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்காமலே வழக்கு முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் பதில் உண்டு. கையால் தொட்டு, டேப் வைத்து அளந்து, காட்டக்கூடிய பதில்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இறந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. நெடுஞ்சாலைக்கு அது பொருந்தும். நகருக்குள் நடக்கும் பின்சக்கர மரணங்களில் பலவற்றுக்குப் பொருந்தாது. அங்கே லாரி ஊர்ந்துகொண்டுதான் இருக்கும்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் நகர்கிறது. முன்னால் ஒருவர் விழுவதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடியாவது ஆகும். ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் சக்கரத்தருகே பிரேக்கை இயக்கும் சேம்பருக்குப் போய்ச் சேர்ந்து பிரேக் பிடிக்க இன்னும் அரை நொடி. ஆக, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே லாரி எட்டு மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஐந்து மீட்டர் முன்னால் விழுந்தவரை எவ்வளவு நிதானமான ஓட்டுநராலும் காப்பாற்ற முடியாது. பக்கவாட்டில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே விழுந்தவரை அவர் பார்க்கவே மாட்டார். நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 2018 முதல் அனுமதிக்கப்பட்ட சுமை பதினொன்றரை டன். ஒரு டயருக்கு ஏறத்தாழ மூன்று டன் வருகிறது. தலை தரையில் மோதும் வேகத்தைத் தாங்கத்தான் ஹெல்மெட் செய்யப்படுகிறது, இந்த எடையைத் தாங்க அல்ல. ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்தச் சாவுகள் நிற்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில், விழுவது ஏன்? லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். சாலையின் ஒரு தடம் மூன்றரை மீட்டர். நட்டநடுவில் போனாலும் லாரியின் இருபுறமும் மிஞ்சுவது 45 சென்டிமீட்டர்தான். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் மட்டுமே 70 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். அதாவது லாரியோடு ஒட்டிப் போகிற ஸ்கூட்டர், தடத்துக்கு வெளியே, சாலையின் விளிம்பில்தான் போகிறது. அந்த விளிம்பு எப்படி இருக்கிறது? மேலே மேலே தார் போட்டு உயர்த்திய சாலை ஓரத்தில் படிபோல இறங்குகிறது. மழைநீர் வடிகாலின் வாய் பள்ளமாகக் கிடக்கிறது. துறைமுகச் சாலைகளில் லாரிகளிலிருந்து கொட்டிய மணலும் ஜல்லியும் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கின்றன. மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் பள்ளத்தை மூடிய இரும்புத் தகடு மழையில் வழுக்குகிறது. அதே இடத்தில் பேரிகேடு வைத்துத் தடத்தையும் குறுக்கியிருப்பார்கள்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டது நல்ல முடிவு. வீட்டு வாசல்கள் சாலைக்குக் கீழே போவது அதனால் குறையும். ஆனால் சுரண்டிய நாளுக்கும் தார் போடும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை யாரும் கவனிப்பதில்லை. நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம் சுரண்டினால், சுரண்டிய பாதிக்கும் சுரண்டாத பாதிக்கும் நடுவே அதே உயரத்தில் ஒரு வரப்பு போக்குவரத்தின் திசையிலேயே நீளமாக ஓடும். மேன்ஹோல் மூடியும் அதே உயரத்துக்குத் துருத்தி நிற்கும். குறுக்கே வரும் மேட்டை ஸ்கூட்டர் ஏறிவிடும். நீளவாக்கில் வரும் வரப்பில் முன்டயர் ஏறாது, அதன் சுவரில் உரசிக்கொண்டே போகும். ஓட்டுபவர் ஹேண்டிலை இன்னும் திருப்புவார். ஒரு கட்டத்தில் டயர் சட்டென்று ஏறும், இல்லையென்றால் வழுக்கும். இரண்டிலும் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். பைக்கின் சக்கரம் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குலம், பல ஸ்கூட்டர்களுக்கு 10 அல்லது 12 அங்குலம்தான். சக்கரம் சிறியதாக இருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது. மழைநீர் நிரம்பிவிட்டால் வரப்பு கண்ணிலேயே படாது.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவில்லை. சுரண்டும்போது ஒரு தடத்தைப் பாதியில் விடாமல் முழு அகலத்துக்கும் எடுக்க வேண்டும். அன்றைக்கு முடியாவிட்டால் விளிம்பைத் தார்க்கலவையால் சரிவாக்கி மூட வேண்டும். மேன்ஹோலைச் சுற்றிலும் அதே சரிவு. தார் போடும் தேதி உறுதியாகாமல் சுரண்டத் தொடங்கக் கூடாது.

அடுத்தது இடதுபுறத் திருப்பம். நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் செங்குத்தான முனையில் திரும்பும்போது, அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போவதில்லை. இரண்டு மூன்று மீட்டர் உள்வாங்கி, முனையை வெட்டிக்கொண்டு வரும். அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் ஓட்டுநர் முதலில் வலதுபக்கம் ஒதுங்கி, பிறகு இடதுபக்கம் ஒடிக்கிறார். அவர் வலதுபுறம் ஒதுங்கும்போது இடதுபுறத்தில் தாராளமாக வழி திறந்ததுபோலத் தெரியும். ஸ்கூட்டர்கள் அதில் நுழைந்துவிடுகின்றன. சில நொடிகளில் அந்த வழி மூடிக்கொள்கிறது. முன்பெல்லாம் கிளீனர் இடது கதவருகே உட்கார்ந்து, கதவைத் தட்டி ஓட்டுநருக்குச் சைகை தருவார். இன்று துறைமுகத்துக்குப் போய்வரும் வண்டிகள் பலவற்றில் ஓட்டுநர் மட்டுமே இருக்கிறார். இடது கதவை ஒட்டிய பகுதியும் முன் பம்பருக்குக் கீழே உள்ள பகுதியும் வழக்கமான பக்கக் கண்ணாடியில் விழாது. கதவுக்கு மேலே கீழ்நோக்கிப் பார்க்கும் குவிந்த கண்ணாடி ஒன்றும், முன் கண்ணாடியின் இடது மேல்மூலையில் இன்னொன்றும் வேண்டும். இவை விலை உயர்ந்த பொருள்கள் அல்ல. துறைமுக வாசலில் நுழைவுச் சீட்டு பார்க்கும்போதே இவை இருக்கின்றனவா, துடைத்துச் சரியான கோணத்தில் இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம்.

மூன்றாவது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, லாரியின் வயிற்றுப் பகுதியில் திறந்து கிடக்கும் இடம். ட்ரெய்லரில் இழுவை வண்டியின் பின்சக்கரத்துக்கும் ட்ரெய்லரின் சக்கரத்துக்கும் இடையே நான்கைந்து மீட்டர் நீளத்துக்கு ஒன்றுமே இருக்காது. விழுந்தவர் உள்ளே போவது இந்த வழியாகத்தான். இதை அடைப்பதற்கே பக்கவாட்டுத் தடுப்பு, நம் பட்டறைகளில் சொல்லும் சைடு கார்டு, இருக்கிறது. அதற்கு ஐ.எஸ். 14682 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. தடுப்பின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குறுக்குக் கம்பிகளுக்கு இடையே 30 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. தடுப்பின் பின்முனைக்கும் பின்டயருக்கும் நடுவிலும் 30 சென்டிமீட்டருக்கு மேல் விடக் கூடாது.

சாலையில் காண்பது வேறு. ஸ்டெப்னி கழற்ற இடைஞ்சல் என்று கம்பியை அறுத்துவிடுகிறார்கள். கருவிப்பெட்டி, பேட்டரி பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் அங்கங்கே தொங்குவதால் பாதி இடம் அடைபட்டதுபோலத் தோன்றும், ஆனால் பின்டயருக்கு முன்னால் உள்ள கடைசி ஒரு மீட்டர் திறந்தே இருக்கும். அந்தக் கடைசி மீட்டரை அடைப்பதுதான் உயிரைக் காக்கும். வளைந்த கம்பியைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். ஆள் எடை பட்டால் அது கழன்றுவிடும். பளபளப்பான மெல்லிய தகட்டை அழகுக்கு மாட்டியிருப்பதையும் பார்க்கலாம், அது தடுப்பே அல்ல. சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டுகள் ஆகும்வரை எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுச் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. சோதனை நாளில் இருந்த தடுப்பு மறுநாள் இருக்கிறதா என்று பார்க்க, சாலையில் நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தரத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. 55 சென்டிமீட்டர் உயரம் என்பது வண்டியோடு சாய்ந்து வருபவரைத் தடுக்கும். ஏற்கெனவே தரையில் படுத்துவிட்டவரைத் தடுக்காது, அவர் அதற்குக் கீழேயே உருண்டு போய்விடுவார். நகருக்குள் ஓடும் வண்டிகளுக்காவது 35 சென்டிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். வேகத்தடையில் இடிக்கும் என்பார்கள். கீழ்க்கம்பியைக் கீல் வைத்து, தட்டினால் பின்னோக்கி மடங்கும்படி செய்தால் அந்தச் சிக்கல் தீரும். மாநகரப் பேருந்துகளின் இரு சக்கரங்களுக்கு நடுவே இப்படித் தடுப்புகள் பொருத்தப்பட்டு வருவது நல்ல தொடக்கம். குப்பை லாரி, தண்ணீர் லாரி, கான்கிரீட் கலவை லாரி ஆகியவை மாநகராட்சியின் ஒப்பந்தத்திலும் அரசு வேலைகளிலும்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, தடுப்பு இல்லாத வண்டிக்குப் பணம் இல்லை என்று சொன்னால் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

இரவில் நிறுத்தி வைத்திருக்கும் லாரியின் பின்னால் மோதிச் சாவதும் இதோடு சேர்ந்ததுதான். துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் வண்டி பார்க்கிங் விளக்கை அணைத்துவிட்டால், பின்புறத்தில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் சிவப்புப் பட்டை ஒன்றுதான் அது நிற்பதைக் காட்டும். அதன் மேல் சேறு படிந்திருந்தால் அதுவும் இல்லை. ஈரத்துணியால் துடைக்க ஒரு நிமிடம் போதும். பழுதான வண்டிக்குப் பின்னால் கல்லும் மரக்கிளையும் வைத்துவிட்டு, கிளம்பும்போது அப்படியே போட்டுவிட்டுப் போவது இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து.

இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது மிகக் குறைவு, ஏனென்றால் பெரும்பாலான நேரம் அவர்களுக்கு வேறு இடமே இல்லை. ஆனாலும் மூன்று பழக்கங்கள் உதவும். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சிக்னலில் அதன் பம்பரை ஒட்டி நிற்காதீர்கள். அது வலதுபுறம் ஒதுங்கினால் இடதுபுறம் நுழையாமல் பின்னாலேயே நில்லுங்கள். மணல் மேல் முன்பிரேக்கைப் பட்டென்று பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைய விடுங்கள். பின்னால் ஒருபக்கமாக உட்காருபவரின் எடை இடதுபுறமே இருப்பதால், வண்டி வரப்பில் ஆடும்போது திருத்துவது இன்னும் கடினம்.

விபத்து நடந்த பிறகு பதற்றத்தில் செய்யும் ஒரு தவறு உண்டு. சுற்றி நிற்பவர்கள் "ரிவர்ஸ் எடு" என்று கத்துவார்கள். அடியில் ஆள் எங்கே இருக்கிறார் என்று குனிந்து பார்க்காமல் வண்டியை முன்னேயும் பின்னேயும் நகர்த்தவே கூடாது. 108-ஐ அழைத்து, சக்கரம் ஏறிய விபத்து என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரத்தம் கொட்டும் இடத்தைத் துணி வைத்து விடாமல் அழுத்துங்கள். காலைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுப்பெலும்பு உடைந்திருந்தால் உள்ளே இரத்தப்போக்கு கூடும். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. உதவியவரை வழக்கில் இழுக்க முடியாதபடி மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாக்கிறது.

இனி விசாரணை. ஓட்டுநர் மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வழக்குப் பதிவதோடு வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரம் மீறப்பட்டு உயிர் போனால், பொறுப்பான அதிகாரி அல்லது ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 198-ஏ பிரிவு வழிசெய்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் அளவு வேண்டும். விபத்து விவரங்களைப் பதியும் இ-டார் செயலி காவலர்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் முன்னோடியை உருவாக்கியது நம் ஊர் ஐ.ஐ.டி. சென்னைதான். வண்டியை அகற்றும் முன் நான்கு அளவுகளைப் படத்தோடு பதிய வேண்டும். சாலை விளிம்பின் உயரம் எத்தனை சென்டிமீட்டர்? விழுந்த இடத்துக்கும் லாரிக்கும் இடையே எவ்வளவு தூரம்? பக்கவாட்டுத் தடுப்பின் கீழ்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருந்தது? அதன் பின்முனைக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? அந்தச் சாலை மாநகராட்சியுடையதா, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையதா என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். உங்கள் நிருபர்களும் இந்த விவரங்களைக் காவல் நிலையத்தில் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கனரக வாகனப் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்,
திருவொற்றியூர், சென்னை – 19.