நிர்வாகியாகப் போகிற நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? இங்கே எல்லோரும் நலம். எனக்கு மூட்டுவலி மட்டும் விடவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகியாக நிற்கச் சொல்கிறார்கள், நிற்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக நில். ஆனால் அதனால் உன் சொல்லுக்கு மதிப்புக் கூடும் என்று எண்ணாதே. பேச வேண்டிய இடங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கும் வேலை அது.

அங்கே ஓயாத வழக்குகள் சில உண்டு. கட்டுரைத் தலைப்பில் கிரந்த எழுத்து வரலாமா என்பது ஒன்று. சென்னைக்காரர் டொராண்டோ என்பார், யாழ்ப்பாணத்தார் ரொறன்ரோ என்பார், அது இன்னொன்று. எப்படித் தட்டினாலும் ஒரே கட்டுரைக்குப் போகும்படி வழிமாற்று போட்டுவிட்டால் வாசகனுக்குக் கவலை இல்லை. எழுதுகிறவர்களுக்குத்தான் தீராது, தலைப்பு ஒன்றுதானே! ஒருவர் மாற்றுவார், மற்றவர் பழையபடி மீளமைப்பார். கிரந்தம் பற்றிய உன் கருத்து நம் விடுதி முழுவதற்கும் தெரியும். அதை ஒரு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், அதாவது அதைப் பற்றி வாதாடும் பக்கத்தில், சொல்லிவிட்டாயானால், பிறகு அந்தக் கட்டுரையை யாரும் திருத்த முடியாதபடி பூட்டவோ எவரையும் தடை செய்யவோ உனக்கு முகம் இருக்காது. வேறொரு நிர்வாகியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆங்கில விக்கியில் ஒரு விதி உண்டு: ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழலாம். வேண்டுமென்றே கட்டுரையைக் கெடுக்கும் அப்பட்டமான விசமத் திருத்தத்தை நீக்குவது கணக்கில் சேராது. மற்றபடி யார் சொல்வது சரி என்று அந்த விதி கேட்பதே இல்லை. அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்கிற துணிச்சலில்தானே மனிதர்கள் நான்காவது முறையும் கை வைக்கிறார்கள்.

பூட்டினால் இரு தரப்பும் உன்னைத்தான் திட்டும். நிர்வாகி எப்போதும் தவறான பதிப்பையே பூட்டுவார் என்று கேலி செய்து விக்கித் திட்டங்களுக்கெல்லாம் பொதுவான மேல்விக்கி தளத்தில் ஒரு பக்கமே எழுதி வைத்திருக்கிறார்கள், படித்துப் பார்.

யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆகவே அதட்டல் செல்லாது. அதட்டினால் சண்டைக்காரர் போகமாட்டார். ஓரமாக ஊர்க் கோயில்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் போய்விடுவார். ஒருவர் மற்றவரைத் தாக்கி எழுதினால், ஆளை விட்டுவிட்டுச் சான்றைக் காட்டும்படி கேள். இரவு பதினொரு மணிக்கு மேல் எவருக்கும் பதில் எழுதாதே.

வாக்கெடுப்பு எப்போது என்று தெரிவி. என் ஆதரவு உனக்குத்தான். ஆனால் அந்தக் கிரந்த வழக்கில் உன்னோடு மோத நான் வருவேன், அப்போது என் கணக்கின் மேல் கை வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்