துறைமுகத்துக் கதையில் ட்ரைடனுக்குத் தடையா? நம் டிஎம் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவிலில் ஞாயிறுதோறும் கூடி, டைஸ் உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக் கூட்டத்தின் டிஎம் (கதையை நடத்துகிறவர்) அண்ணன்மார் மூவருக்கும்,

அடுத்த கதைக்கு எந்தெந்த இனங்களை ஆட விடலாம் என்று நீங்கள் போட்ட மார்க் பட்டியலைப் பார்த்தேன். பறப்பதற்கு ஒன்பது. இருட்டில் பார்க்க ஐந்து. நீந்துவதற்கும் தண்ணீருக்குள் மூச்சு விடுவதற்கும் சேர்த்து இரண்டு! கூட்டிப் பார்த்து, கடலில் வாழும் மனித உருவ இனமான ட்ரைடனைக் கடைசியில் தள்ளி, 'வேண்டாம்' என்று அடித்தும் விட்டீர்கள். ஐந்து மாதம் ட்ரைடனாக ஆடியவன் நான். கடியப்பட்டணத்துக்காரன் வேறு. எப்படிச் சும்மா இருப்பேன்?

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. போன கதை முழுக்க மலையும் குகையும்தான். நான் கண்ட ஒரே தண்ணீர் ஓர் ஊர்க்கிணறு. அதிலும் இறங்கியது நானல்ல, கள்ளன் ஆடிய தம்பி, விழுந்த வாளியை எடுக்க. மீனோடு பேசும் வரமும் அப்படித்தான். நாம் சொல்வது மீனுக்கு விளங்கும், மீன் சொல்வது நமக்கு விளங்காது. அதற்கு அரை மார்க்கே அதிகம்.

ஆனால் எண் கணக்கில் தவறிவிட்டீர்கள். நாம் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 விதிகளில். 2016இல் வந்த ட்ரைடனுக்கு ஸ்ட்ரெங்த் (பலம்), கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி), கரிஸ்மா (ஆளுமை) மூன்றிலும் ஒவ்வொன்று கூடும். 'எதிலும் இரண்டு ஏறவில்லை' என்று மார்க்கைக் கழித்திருக்கிறீர்கள். ஆறு திறன்களுக்கும் எண் வாங்க நம் கையில் உள்ளது 27 புள்ளி. ஒரு 15 வாங்க 9 புள்ளி. மூன்று 15 வாங்கினால் சரியாக 27 தீர்ந்துபோகும், மற்ற மூன்றும் 8இல் நிற்கும். அந்த மூன்று 15உம் ட்ரைடனுக்கு 16 ஆகிவிடுகின்றன. பாலடினுக்கு (கவசம் அணிந்த தெய்வ வீரன்) வேண்டியது அந்த மூன்றும்தானே? கனத்த கவசம் போடுகிறவனுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 8 என்றாலும் கவச எண் குறையாது. மலைக் குள்ளனுக்கு மொத்தம் நாலு ஏறும்தான், ஆனால் கரிஸ்மாவில் ஒன்றும் ஏறாது. விசார்ட் (மந்திரவாதி) ஆடப்போகிறவன் ட்ரைடனை எடுத்தால் அது வீண், ஒத்துக்கொள்கிறேன். (2024 விதிகளில் இந்தக் கூட்டல் இனத்தை விட்டுப் பின்னணிக்குப் போய்விட்டது. ரேஸ் என்ற சொல்லும் ஸ்பீசிஸ் ஆனது. நமக்கு இரண்டுமே இனம்தான்.)

இனி தண்ணீர். என் மாமா சிப்பி எடுக்க முங்குகிறவர். விதிப்படி ஒருவன் ஒரு நிமிடமும், அதற்கு மேல் கான்ஸ்டிட்யூஷன் போனஸ் எத்தனையோ அத்தனை நிமிடமும் மூச்சடக்கலாம். கான்ஸ்டிட்யூஷன் 14 இருந்தால் போனஸ் 2, ஆக மூன்று நிமிடம் என்று அவரிடம் சொன்னேன். "மூணு நிமிசமா? அவனுக்குச் செவுள் இருக்காலே?" என்று சிரித்தார்.

மூச்சோடு தொல்லை முடிவதில்லை. நீச்சல் வேகம் இல்லாதவன் பாதி தூரம்தான் போவான். கத்தி, ஈட்டி, சூலம் மாதிரி சிலதைத் தவிர வேறு ஆயுதத்தைத் தண்ணீருக்குள் வீசினால் இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். முழுக்க மூழ்கியவன் மேல் நெருப்பு பாதிதான் வேலை செய்யும், நம் விசார்டின் ஃபயர்பால் (நெருப்புருண்டை மந்திரம்) உட்பட. இத்தனைக்கும் நடுவில் ட்ரைடன் முப்பது அடி நீந்திப் போய் எதிரியை மடக்குவான். இதற்கா இரண்டு மார்க்? ஐந்தாம் நிலையில் தண்ணீருக்குள் மூச்சு விடும் மந்திரத்தைப் பத்துப் பேருக்குப் போடலாம் என்பீர்கள். சரி, மூச்சு வந்துவிடும். நீச்சல் வராதே.

பறக்கும் பறவை மனிதனான அராகோக்ராவை முதல் நிலையில் நிறுத்தியது சரி. மேலே வானம் திறந்திருந்தால் போதும், ஐம்பது அடி ஏறி வில்லை எடுத்துவிடுவான். கீழே நிற்கும் ஓநாய் என்ன செய்யும்? நீச்சல் அப்படியில்லை, நீங்கள் வரைபடத்தில் தண்ணீர் வைத்தால்தான் உண்டு. நீங்கள் போட்ட இரண்டு மார்க் போன கதையின் வரைபடத்துக்கு, ட்ரைடனுக்கு அல்ல.

அப்புறம் ட்ரைடனுக்குப் பிறவியிலேயே வரும் மூடுபனி மந்திரம். ஆரல்வாய்மொழியில் வைத்துப் போட்டால் வீசும் காற்றில் உடனே கலைந்துவிடும். ஆனால் குகையில் வில்லாளிகள் எட்டுப் பேர் நம்மைக் குறிவைத்தபோது அதுதானே நம் ஐவரையும் காத்தது? அதற்குப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த கதை குளச்சலை வைத்து, 1741இல் டச்சுக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கி மார்த்தாண்ட வர்மா படையிடம் தோற்றதை வைத்து என்று அறிவித்ததும் நீங்கள்தான். அந்தக் கதையிலா கடல் இனத்துக்குத் தடை?

ஒரு சிக்கல் உண்மையிலேயே உண்டு. நான் கடலுக்குள் போனால் மற்ற நாலு பேரும் கரையில் கடலை கொறித்துக்கொண்டு உட்கார வேண்டிவரும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நான் நங்கூரக் கயிற்றை அறுக்கும் அதே சுற்றில் அவர்கள் வள்ளத்தில் வந்து கப்பலில் ஏறட்டும், இரண்டு சண்டையும் சேர்ந்தே ஓடட்டும். அப்படியும் நான் மட்டுமே ஆடுவதாகத் தெரிந்தால் நாலாவது ஞாயிறு ஆளை மாற்றிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவைச் சொல்லுங்கள். தடை நிற்கிறது என்றால் மலைக் குள்ளனுக்கும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். ஏத்தங்காய் சிப்ஸ் இந்த வாரம் என் முறை.

இப்படிக்கு,
கடியப்பட்டணத்து ட்ரைடன்